எந்த வருடத்து ஒரு ரூபாய்?

ஏர் ரைபிளில் சுட்ட டார்கெட் கார்டின் படத்தைக் கைபேசியில் காட்டுகிறவர்கள் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பத்து மீட்டர் தள்ளி நின்று ஐந்து பெல்லட்டுகளை ஒரே ஓட்டையாகப் போட்டுவிட்டவரால் அதை நாலு பேரிடம் காட்டாமல் இருக்க முடியாது. என் கைபேசியிலும் அப்படிச் சில படங்கள் உண்டு. ஆனால் படத்தோடு சேர்ந்து ஒரு வாக்கியம் வருகிறதே, "நம் ரைபிள் எந்நேரமும் இப்படித்தான் அடிக்கும்" என்று, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. மாதக்கணக்காக அந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவர் பொய் பேசுகிறவர் இல்லை. படமும் உண்மை, ஓட்டையும் உண்மை. அப்படியிருந்தும் ஏன் காதில் பிசகாக விழுகிறது என்பது எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் கூடம் ஒன்று. வார நாட்களில் பயிற்சியாளரிடம் கற்கும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு மாநிலப் போட்டி, தகுதி மதிப்பெண், விளையாட்டு ஒதுக்கீடு என்று ஆயிரம் கணக்கு. ஞாயிறு காலை மட்டும் தலை நரைத்த பிறகு இந்தப் பைத்தியம் பிடித்த எங்களுக்கு. தோற்றவர் மற்ற எல்லோருக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும் என்பதைத் தவிர எங்கள் போட்டிகளில் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒரு நெய் ரோஸ்ட்டுக்காக அறுபது வயது மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மும்முரத்தை வீட்டில் யாரும் பார்க்காததே நல்லது.

படம் காட்டுகிறவரைப் பட்டறைக்காரர் என்றே சொல்கிறேன். கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஜெர்மன் ரைபிள் வைத்திருக்கிறார். கார்டில் குரூப், அதாவது சேர்ந்து விழும் குண்டுகளின் கூட்டம், நன்றாக விழுந்துவிட்டால், ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுப்பார். "காசில் பாதிகூட இல்லை, பாருங்கள்" என்பார். பார்த்தால் உண்மைதான், பாதிகூட இருக்காது. எல்லோரும் தலையாட்டுவோம். ஒருநாள் சர்வேயர் சார் மட்டும் தலையாட்டவில்லை. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "இது எந்த வருடத்து ஒரு ரூபாய்?" என்று கேட்டார்.

சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. 2011-க்கு முன்பு வந்த ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011-இல் வந்தது ஏறக்குறைய 22. 2019 வரிசையில் 20. மூன்றும் இன்றைக்கும் ஒரே சட்டைப் பையில் கிடக்கின்றன. பாதிக் காசு என்பது பத்து மில்லிமீட்டரா, பன்னிரண்டரையா? எங்கள் விளையாட்டில் அந்த இரண்டரை மில்லிமீட்டர் ஒரு முழு வளையம். பத்து ஒன்பதாகிவிடும். பட்டறைக்காரருக்கு இது தெரியாததா? மைக்ரோமீட்டரோடு தினமும் குடும்பம் நடத்துகிறவர். இருந்தும் படத்தில் காசைத்தான் வைத்தார், நுட்பமாக அளக்கும் வெர்னியரை வைக்கவில்லை.

ஓட்டையும் குண்டும்

இலக்கின் அளவைச் சொன்னால்தான் இந்தச் சச்சரவு விளங்கும். கார்டின் வெளி வளையம் 45.5 மில்லிமீட்டர். நடுவிலுள்ள பத்து என்பது வளையம்கூட இல்லை, அரை மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5. அதன் ஓட்டை எந்தக் கோட்டைத் தொட்டாலும் உள்பக்கத்து மதிப்பெண் கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து, ஐந்துக்குள் விழுந்தால் ஒன்பது. பெல்லட்டின் மூக்கு தட்டையாக இருப்பதே அட்டையில் வட்டமாக வெட்டி விழட்டும் என்பதற்காகத்தான். கூர்மூக்கு என்றால் கிழிசலை அளந்து சண்டை போட வேண்டியிருக்கும்.

இனி குரூப். குண்டுகளின் மையத்துக்கு மையம் எவ்வளவு தூரம் என்பதுதான் குரூப்பின் அகலம். விளிம்புக்கு விளிம்பு அளந்து அதில் 4.5-ஐக் கழிக்க வேண்டும். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. தகராறு எத்தனை குண்டு என்பதில்தான். ஒருவருடைய கையும் ரைபிளும் சற்றும் மாறாமல் அப்படியே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய மூன்று குண்டுக் குரூப் சராசரியாகப் பத்து மில்லிமீட்டர் என்றால், அவரே ஐந்து குண்டு சுட்டால் அது பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். பத்து குண்டு என்றால் பதினாறு, இருபது குண்டு என்றால் பதினெட்டுக்கு மேல். அவர் மோசமாகச் சுடவில்லை. குண்டு கூடக் கூட ஓரத்தில் ஒன்று போய் விழும் வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவுதான். புள்ளியியல் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. எங்கள் கூடத்தில் இதைச் சொன்னபோது ஏதோ நான் அவர்களுடைய சொத்தில் பங்கு கேட்டதுபோல முகம் மாறிவிட்டது.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. அதே மனிதர் மூன்று குண்டுக் குரூப்புகளாகப் பத்துக் கார்டு சுடுகிறார் என்று வையுங்கள். பத்தில் ஆகச் சிறியது சராசரியில் ஏறக்குறைய பாதியளவில் வந்து நிற்பது வெகு சாதாரணம். அதைப் படம் எடுக்கிறார். மற்ற ஒன்பதும் குப்பைக்கூடைக்குப் போகின்றன. இதில் எங்கே பொய் இருக்கிறது? எங்கும் இல்லை. குப்பைக்கூடை மட்டும்தான் படத்தில் இல்லை.

குரூப்பையே விளையாட்டாக வைத்திருக்கிறவர்களிடம் இதற்கு எப்போதோ வழி பிறந்துவிட்டது. அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் என்று ஒரு பிரிவு உண்டு. மேசை மேல் மணல்பையில் ரைபிளைக் கிடத்திச் சுடுவது. 1951-இல் தேசிய அமைப்பு ஏற்படுத்தி விதி எழுதிக்கொண்டார்கள். அங்கே ஐந்து குண்டுக் குரூப்புகள் ஐந்து சுட வேண்டும், ஐந்தின் சராசரிதான் கணக்கு. ஒன்று கெட்டுப்போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய இன்னொரு ஏற்பாடு. ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போய்விட்டால், உண்மையில் ஐந்து போனதா, நான்கு போய் ஒன்று எங்கோ தொலைந்ததா என்று யாருக்குத் தெரியும்? அதற்காகக் கார்டுக்குப் பின்னால் ஒரு காகிதச் சுருளை மெதுவாக நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். முன்னால் ஓட்டை ஒன்றுதான். பின்னால் நகர்கிற காகிதத்தில் ஐந்தும் தனித்தனியாக வரிசை கட்டி நிற்கும். இவ்வளவு சந்தேகப்படுகிறவர்கள் நண்பர்களாகவும் இருக்க முடிகிறது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

பெட்டியோடு வந்த கார்டு

பட்டறைக்காரரின் வாக்கியத்தில் இன்னொன்றும் என்னை உறுத்தியது. "நம் ரைபிள்" என்றார். போட்டிக்கென்று செய்யப்படும் ரைபிளைப் புதிதாக வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சோதனைக் கார்டு இருக்கும். தொழிற்சாலையில் ரைபிளைப் பிடிமானத்தில் இறுக்கி வைத்துச் சுட்டது. பெல்லட்டின் அகலத்தைவிடச் சற்றே பெரிய ஒற்றை ஓட்டை அதில் இருக்கும். அதாவது அந்த ரைபிளால் என்ன முடியும் என்பது கப்பலேறும் முன்பே தீர்ந்துபோன விஷயம். பத்து மீட்டரில், கூரைக்குக் கீழே, காற்றில்லாத இடத்தில் ரைபிளைச் சோதிப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. மிச்சமிருப்பது பின்னால் நிற்கும் மனிதன்தான்.

அந்த மனிதனின் பாடு என்ன என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். ரைபிளின் எடை ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்த்து, எலும்பின் மேல் அதைத் தாங்க வேண்டும். தசையால் தாங்கினால் ஐந்தாவது குண்டில் நடுக்கம் வந்துவிடும். குறிபார்க்கும் சைட்டுகள் இரண்டு. பின் சைட்டின் சிறு துளைக்குள் முன் சைட்டின் வளையம், அதற்குள் இலக்கின் கறுப்பு வட்டம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் நிற்க வேண்டும். நிற்காது. மூச்சை இழுத்தாலும் நகரும், விட்டாலும் நகரும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் ஒரு அமைதி வரும். அந்த அமைதியில்தான் இதயம் தன் வேலையைக் காட்டும். நாடித்துடிப்புக்கு ஏற்ப கறுப்பு வட்டம் மெல்லத் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குள் விரல் அசைய வேண்டும். ட்ரிகரை இழுக்கும் அழுத்தத்தை நூறு கிராமுக்கும் குறைவாக வைத்திருப்போம். நினைத்தாலே வெடித்துவிடும் போலிருக்கும். ஏழெட்டு விநாடிக்குள் ஆகவில்லை என்றால் இறக்கி வைத்துவிட வேண்டும். இறக்கி வைக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. எங்கள் கூடத்தில் வீணாகும் குண்டுகளில் பெரும்பாதி, இறக்கி வைக்க வேண்டிய நேரத்தில் சுட்டவை.

ஆகவே ஐந்து குண்டு நன்றாக விழுந்தது என்றால், அந்த மனிதனுடைய ஒரு நல்ல ஐந்து நிமிடத்துக்கு அது சாட்சி. அந்த ஐந்து நிமிடத்தை நான் மதிக்கிறேன். அதை ரைபிளின் குணமாக ஆக்கி, 'எந்நேரமும்' என்று முத்திரை குத்தும்போதுதான் கசக்கிறது.

இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். மனிதர் சளைக்கவில்லை. "அப்படியானால் மொத்த மதிப்பெண் மட்டும் உண்மை பேசுமா? எம்மன்ஸ் கதை என்ன?" என்றார். எங்கள் வட்டாரத்தில் அமெரிக்கரான மேத்யூ எம்மன்ஸின் பெயரை எடுத்தால் பேச்சு கனத்துவிடும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டி. கடைசிக் குண்டு மட்டும் பாக்கி, மூன்று புள்ளி முன்னிலை. சுமாராகச் சுட்டாலே தங்கம். அவர் சுட்டது பக்கத்து லேனின் இலக்கை. மதிப்பெண் சுழியம், எட்டாவது இடம். நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கிலும் அதே போட்டி, அதே முன்னிலை. கடைசிக் குண்டு 4.4 (இறுதிச் சுற்றில் மதிப்பெண் தசமத்தில், ஒரு குண்டுக்கு உச்சம் 10.9), நான்காவது இடம். "ஏதென்ஸில் அதே வாரம் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வாங்கியவர் அவர். அந்த ஒற்றைக் குண்டை வைத்தா அவரை எடை போடுவீர்கள்? என் நல்ல கார்டு என்னைப் பற்றிப் பொய் சொல்கிறது என்றால், அவருடைய சுழியமும் அவரைப் பற்றிப் பொய்தானே சொல்கிறது?" என்றார்.

நல்ல வாதம். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது வந்தது. எம்மன்ஸின் சுழியம் அவருடைய திறமையைச் சொல்லவில்லை என்பது சரி. ஆனால் அந்தக் குண்டும் எண்ணப்படும் என்று ஒப்புக்கொண்டுதான் அவர் அங்கே நின்றார். அதே பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8. அப்போது அவரும் ஃபின்லாந்துக்காரர் ஹாக்கினனும் சமநிலையில் இருந்தார்கள். ஹாக்கினனுக்கு 9.7 விழுந்து வெண்கலத்துக்கு இறங்கினார். மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் விழுந்த அந்த 10.8-ஐ எங்கள் கூடத்தில் யாரும் சுடலாம், நானே சுட்டிருக்கிறேன். பிந்த்ராவின் குண்டுக்கு விலை வந்தது, அது போனால் போனதுதான் என்ற நிலையில் போனதால். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரீஸில் அறுபது குண்டுகளில் 630.7 எடுத்தார். சராசரி பத்தரைக்கு மேல். அறுபதையும் அந்தச் சராசரியில் போட்டும் பத்தாவது இடம்தான், இறுதிச் சுற்று இல்லை. அவரிடம் போய் உங்களுடைய சிறந்த ஐந்து குண்டு எது என்று யாராவது கேட்பார்களா?

நூறு புஷ்

இதெல்லாம் வாதம்தான். விவகாரம் திரும்பியது சர்வேயர் சார் கேட்ட ஒரு கேள்வியில். காபி டம்ளரை வைத்துவிட்டு, மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "தம்பி, உங்கள் பட்டறையில் நூறு புஷ் போடுகிறீர்கள். அளவில் சரியாக வந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போய்ப் பார்ட்டியிடம் காட்டி, எங்கள் லேத் எந்நேரமும் இப்படித்தான் என்றால் பில் பாஸ் ஆகுமா?"

புஷ் என்பது இயந்திரத்தில் பொருத்தும் சிறு உலோக உருளை. பட்டறைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய தொழிலில் நூற்றில் மூன்று அளவு தப்பினால் லாட் மொத்தமும் திரும்பி வரும். ஏற்றி அனுப்பிய டெம்போ வாடகையும் அவர் தலையில்தான். முகம் சிவந்து ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சர்வேயர் சாரைப் பார்த்து, "சரிங்க சார், விதியை நீங்களே எழுதுங்கள்" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சலில் கணிசமான பகுதி அந்த இடத்தில் கரைந்துபோனது. முழுதும் கரையவில்லை.

விதி எளிமையானது. நாற்பது குண்டு, கார்டுக்கு ஒன்று, ஒரு மணி நேரம். கார்டுகளுக்கு முன்கூட்டியே வரிசை எண் போட்டு, சுடாத ஒருவர் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். பழகும் குண்டுகளைத் தொடக்கத்திலேயே வேண்டிய மட்டும் சுட்டுக்கொள்ளலாம், எண் போட்ட கார்டு ஏறிவிட்டால் பிறகு கிடையாது. சர்வேயர் சார் தன் பழைய களப்புத்தகம் போன்ற நீள நோட்டில் மையால் எழுதுவார். அழிப்பதில்லை, தவறு வந்தால் ஒரு கோடு இழுத்து மேலே எழுதுவது. பிரிட்டனில் சிறுதுளை ரைபிள்காரர்கள் பல தலைமுறையாகத் தபால் போட்டி நடத்துகிறார்கள். அவரவர் கிளப்பிலேயே, சங்கம் அனுப்பும் ஸ்டிக்கர் ஒட்டிய கார்டில் சுட்டு, சாட்சி கையெழுத்தோடு அஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். முகம் பார்க்காமலே ஒரு பருவம் முழுக்கப் போட்டி நடந்துவிடும். ஏறக்குறைய அதே விதியை நாங்கள் ஒரே கூரையின் கீழ், முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்துக்கொண்டோம். நட்புக்கு இது இழுக்கு என்று ஒருவர் முனகினார். அவரும் பெயர் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்ட கார்டுகள்

பட்டறைக்காரர் முதல் டீட்டெயில், அதாவது முதலில் சுடும் அணி. நான் இரண்டாவதில். அதனால் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் பார்க்க முடிந்தது. முதல் பத்து அற்புதமாகப் போனது. ரைபிளை ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, ஒருமுறை கண்ணை மூடித் திறந்து இலக்கு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சுட்டார். அந்தப் பத்தில் 91. வழக்கமான ஞாயிறாக இருந்தால் அங்கேயே நிறுத்தி, காசை எடுத்திருப்பார்.

நிறுத்த முடியாதே. இரண்டாவது பத்தில் 87. மூன்றாவது பத்தில் ஏதோ ஆகிவிட்டது. ஒரு ஏழு விழுந்தது. கப்பி கயிற்றை இழுத்துக் கார்டை அருகில் கொண்டுவந்து பார்த்தார். வழக்கமாக அப்படியொரு கார்டு வந்தால் அவர் கை தானாகக் கூடைப் பக்கம் போகும். அன்றும் பாதி தூரம் போனது. கார்டின் மூலையில் நீல மையில் எண் 22, கையெழுத்து. கையைத் திருப்பி, கார்டை மேசையில் மற்றவற்றின் மேல் வைத்தார். அடுத்ததும் ஏழு. அதற்கடுத்து அவர் சுட்ட வேகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, முந்தைய குண்டைத் திருத்தப் பார்க்கிறார் என்று. போன குண்டைத் திருத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், தோளுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பத்து 80-இல் முடிந்தது. ரைபிளைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, மேசையில் வைத்துவிட்டு, ஜாக்கெட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. பிறகு வந்து நான்காவது பத்தை ஒவ்வொன்றாக, இரண்டு முறை ரைபிளை இறக்கி வைத்து, சுட்டு முடித்தார். 88.

அவர் ரைபிளை இறக்கி வைத்து நான் பார்த்தது அன்றுதான். படத்தில் ஒருபோதும் வராத திறமை அது. அன்று அவர் செய்தவற்றில் ஆகச் சிறந்தது ஏழுகளுக்குப் பிறகு வந்த அந்த 88 என்றுதான் நான் சொல்வேன். முதல் 91-க்கும் அதற்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது.

மொத்தம் 346. சர்வேயர் சார் 341. அவருடைய நான்கு பத்துகளும் 85, 86, 85, 85. அந்த மனிதர் சுடும்போதும் சங்கிலிதான் பிடிக்கிறார். என் மொத்தத்தை இங்கே எழுதுவதாக இல்லை. அன்றைய டிபன் பில் எவ்வளவு என்று கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்ல முடியும்.

ஆக, பட்டறைக்காரர்தான் வென்றார். எந்தப் படங்களைப் பார்த்து நான் இத்தனை நாள் பல்லைக் கடித்தேனோ, அந்தப் படங்களின் சொந்தக்காரர் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுடுகிறவர்தான். இதைப் படிக்கிறவர்கள், அப்புறம் என்ன ஆட்சேபம் என்று கேட்கலாம். ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. படத்தின்படி அவர் எங்களைவிடப் பல காத தூரம் மேலே. நோட்டின்படி ஐந்து புள்ளி மேலே. அந்த ஐந்து புள்ளியும் அடுத்த ஞாயிறு மாறிவிடக்கூடியது. பல காத தூரத்தில் இருக்கிறவரோடு யாரும் போட்டி போட மாட்டார்கள், ரசிகராக இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து புள்ளி தூரத்தில் இருக்கிறவரைப் பிடித்துவிடலாம் என்றுதான் மறு வாரம் ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் எட்டரைக்கே வந்து நின்றார்கள். இரண்டு பேர் வீட்டில் பெல்லட் போடாமல் ட்ரிகர் பழகுவதாகவும் கேள்வி.

படம் எடுப்பதை அவர் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இப்போதும் எடுக்கிறார், காசுக்குப் பக்கத்தில் வெர்னியரும் இருக்கும். "எந்நேரமும்" மட்டும் வருவதில்லை. வந்தால் யாராவது நோட்டை எடுத்து 22-ஆம் கார்டைக் காட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது புதிய சச்சரவு ஒன்று ஆரம்பித்திருக்கிறது. குண்டு போன கணத்தில், கார்டைப் பார்க்காமலே அது எங்கே விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஒன்பது, மூன்று மணிப் பக்கம்" என்பதுபோல. பயிற்சியாளர்கள் பிள்ளைகளை இப்படித்தான் பழக்குகிறார்கள். ட்ரிகர் விடுபட்ட கணத்தில் சைட் எங்கே நின்றது என்பதைக் கண் பார்த்திருந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். கண்ணை இமைத்தவர் மாட்டிக்கொள்வார். இதையும் போட்டியாக்கலாம் என்றேன் நான். எட்டு விழுந்தாலும் எட்டு என்று முன்பே சொல்லிவிட்டவருக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பட்டறைக்காரருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. சொல்ல வேண்டுமே என்ற நினைப்பில் சுட்ட பிறகு ரைபிளை நிறுத்தி வைப்பது கெட்டுவிடும் என்கிறார். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கடைசியில் ஐந்து குண்டுக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். வளையம் சரியாகச் சொல்லி திசை தவறினால் பாதி மதிப்பெண்ணா சுழியமா என்பதில்தான் விதி நிற்கிறது. பாதி தரவேண்டும் என்கிறேன் நான். சுழியம்தான் என்று சர்வேயர் சார் ஒற்றைக் காலில் நிற்கிறார், பட்டறைக்காரரும் அவர் பக்கம்.